திண்டிவனத்து இரவும் வடமலாபுரத்து மரணங்களும்

1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு, திண்டிவனத்து மிஷன் பங்களாவுக்கு மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். மூவர் வீட்டிலும் இளம் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிக் கிடந்தது. பங்களாவில் டாக்டர் ஜான் ஸ்கடர் இருந்தார். ஆனால் வந்தவர்கள் கேட்டது அவருடைய மகளை. நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். அந்நிய ஆண் பிரசவ அறைக்குள் வருவதற்கு மூவரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

சில பத்தாண்டுகள் கழித்துத் தெற்கே, வடமலாபுரம் என்ற கிராமம். காகிதமும் பென்சிலும் இல்லாமல் ஆற்று மணலில் எழுத்துப் பழகிய கோவிந்தப்பா வெங்கடசாமி என்ற சிறுவனின் உறவில் மூன்று பெண்கள் அடுத்தடுத்துப் பேறுகாலத்தில் இறந்துபோனார்கள். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய ‘டாக்டர் வி.’ ஐடா ஸ்கடர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவியவர்.

மூன்று மரணங்கள் என்ற ஒற்றுமை தற்செயலானது. அதற்குப்பின் இருவரும் நடந்துகொண்ட விதத்தில் உள்ள ஒற்றுமையை அப்படிச் சொல்லிவிட முடியாது. உதவ வேண்டும் என்ற பதைப்பில் உடனே எதையாவது செய்யக் கிளம்பாமல், தம்மிடம் என்ன இல்லை என்று பார்த்து, அதைக் கற்கப் போனார்கள். இன்று சுயமுன்னேற்றம் என்ற பெயரில் நாம் எழுதிவைக்கும் தீர்மானங்கள் பெரும்பாலும் ‘நான் எப்படி ஆக வேண்டும்’ என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. இவர்களுக்கு ‘யாருக்காக’ என்பது முதலில் தீர்மானமானது. ‘எதைக் கற்பது’ அதைத் தொடர்ந்து வந்தது. இந்த வரிசை எத்தனை உறுதியானது என்பது இருவர் வாழ்க்கையையும் அருகருகே வைத்தால்தான் தெரிகிறது.

ஐடாவின் பாதை பார்வைக்கு நேர்க்கோடு. தாத்தா 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணிசெய்த மருத்துவ மிஷனரி, அப்பாவும் மருத்துவர். இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடாவுக்கோ இந்த வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தது. பஞ்சத்தையும் பசித்த குழந்தைகளையும் சிறுவயதிலேயே பார்த்தவர். அமெரிக்காவிலேயே தங்கிவிடும் எண்ணத்தில் இருந்தார். அந்த ஓர் இரவு அதை மாற்றியது. பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், கார்னெல் பெண்களுக்குக் கதவு திறந்ததும் அங்கே போய் 1899இல் பட்டம் பெற்றார், 1900இல் திரும்பிவந்தார். அப்பாவின் கீழ் சில ஆண்டுகள் வேலை பழகலாம் என்ற எண்ணம் மட்டும் நிறைவேறவில்லை. அவர் அதே ஆண்டில் காலமானார். ஐடா தயங்கி நிற்கவில்லை. வேலூரில் சிறு அறை ஒன்றில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடியில் நின்று, வழியில் காத்திருந்த கிராமத்தாருக்கு மருந்து கொடுத்தார்.

வெங்கடசாமிக்கு அந்த நேர்க்கோடு கிடைக்கவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் தேறி, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவர் ஆவதுதான் குறிக்கோள். அந்த மூன்று பெண்களுக்குச் செய்ய முடியாததை மற்ற பெண்களுக்குச் செய்ய வேண்டும். முப்பது வயதில் கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. இராணுவம் 1948இல் விடுவித்தது. மாதக்கணக்கில் எழ முடியவில்லை. எழுந்தபோது விரல்கள் கோணிப்போய், பேனா பிடிப்பதே பாடாகியிருந்தது. பிரசவம் பார்க்க மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அந்த உடம்பு அதற்கு ஒத்துழைக்காது.

இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிறுவயது முதல் காத்துவந்த இலக்கு கைவிட்டுப் போகிறது. ‘மகப்பேறு மருத்துவர்’ என்ற பெயர்தான் இலக்காக இருந்திருந்தால் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது: மருத்துவம் எட்டாத ஏழை மனிதர். அந்த மனிதர் அப்படியே இருக்கிறார். கற்க வேண்டிய வித்தை மட்டும் மாற வேண்டும். கண் மருத்துவத்துக்குப் போனார். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய, சிறு அசைவுகளால் ஆன அறுவை சிகிச்சை. அதற்கும் அந்த விரல்கள் முதலில் இணங்கவில்லை. கத்தி பிடிக்கப் பழகினார். தம் பிடிக்கு ஏற்ற கருவிகளைத் தாமே வடிவமைத்துச் செய்வித்தார். அந்தக் கைகளால் ஒரே நாளில் நூறு கண்புரை அறுவை வரை செய்யும் தேர்ச்சி பெற்றார். வாழ்நாளில் செய்தவை ஒரு லட்சத்துக்கும் மேல்.

அதற்காக ஐடாவின் உறுதியைக் குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. அவருடைய நேர்க்கோடும் ஓரிடத்தில் வளைந்தது. அந்த வளைவு அறுபத்தேழு வயதில் வந்தது. ஒரு டாக்டரின் இரண்டு கைகள் போதாது என்பதை அவர் மிக விரைவில் கண்டுகொண்டவர். 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. (வெங்கடசாமி பிறந்ததும் அதே 1918இல்தான்.) பெண்கள் யாரும் படிக்க வரமாட்டார்கள், வந்தாலும் தேறமாட்டார்கள் என்று அதிகாரிகள் ஐயப்பட்ட காலம். 1922இல் அவருடைய முதல் அணியின் பதினான்கு பேரும் தேர்வில் வென்றார்கள். 1938 வாக்கில் மாகாண அரசு டிப்ளமா படிப்பை நிறுத்தி, இனி பட்டப்படிப்பே நடத்த வேண்டும் என்று சொன்னது. புதிய கட்டடம், ஆசிரியர்கள், பெரும் பணம் எல்லாம் தேவைப்பட்டன. வழி ஒன்றுதான் தெரிந்தது: ஆண்களையும் சேர்த்துக்கொண்டு பொதுக் கல்லூரியாக்குவது. பெண் டாக்டர் இல்லாததால் மூன்று பெண்கள் செத்த இரவில் பிறந்த கனவு அது. அதில் ஆண்களுக்கு இடம் தருவதை, அமெரிக்காவில் அவருக்காக நிதி திரட்டிய தோழியரில் சிலரே எதிர்த்தார்கள். ஐடா நோயாளியின் பக்கம் நின்று யோசித்தார். எழுபது வயதில் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி கேட்டார். 1947இல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். வெங்கடசாமியை வளைத்தது நோய், ஐடாவை வளைத்தது சட்டம். இருவருமே விட்டுக்கொடுத்தது தம் இலக்கின் வடிவத்தை. அது யாருக்காக என்பதை விட்டுக்கொடுக்கவில்லை.

தம் கையிலிருந்து பிறர் கைக்கு மாற்றும் வேலையை ஐடா திரும்பிவந்த ஒன்பதாம் ஆண்டிலேயே தொடங்கினார். வெங்கடசாமி அரவிந்தைத் தனி நிறுவனமாகத் தொடங்கியது அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல், 58 வயதில், 11 படுக்கைகளோடு. தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி உள்ளிட்ட குடும்பம் முழுவதையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாமதமாக வந்தாலும் அவர் கொண்டுவந்த முறை கூர்மையானது. அறுவை அறையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். தயார்செய்வது, கருவியை எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்களின் வேலை. பணம் கட்டுபவரின் தொகையில் கட்ட முடியாதவரின் அறுவையும் நடக்கும். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸின் இறக்குமதி விலை ஏழைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே மிக மலிவாகச் செய்தார்கள்.

இருவருக்கும் வாய்த்த வசதிகள் ஒன்றல்ல. ஐடாவுக்கு மூன்று தலைமுறை மருத்துவக் குடும்பமும் அமெரிக்கத் திருச்சபைகளின் ஆதரவும் இருந்தன. வெங்கடசாமிக்கு அப்படி எதுவும் இல்லை. அடமானத்தையும் உடன்பிறந்தவர்களையும் நம்பி இறங்கினார். மனத்தைப் பதப்படுத்திக்கொள்ள ஒருவர் கிறிஸ்துவை நாடினார், மற்றவர் ஸ்ரீஅரவிந்தரை. வெங்கடசாமி நோட்டுப் புத்தகங்களில் தம்மையே கேள்வி கேட்டு எழுதிவந்தவர். ஆணவத்தையும் கோபத்தையும் அங்கே விசாரித்தார். அந்த உள்வேலையும் அவருக்கு அடுத்த நோயாளியை இன்னும் நன்றாகக் கவனிப்பதற்கான தயாரிப்பாகவே இருந்தது.

இருவரில் யாரைப் பின்பற்றச் சொல்வது என்று கேட்டால், இளைஞர்களுக்கு நான் வெங்கடசாமியின் 1948ஐத்தான் காட்டுவேன். நுழைவுத் தேர்வில் தவறியவர்களும், உடல்நிலை காரணமாகப் படிப்பை நிறுத்தியவர்களும், குடும்பப் பொறுப்பால் ஆசைப்பட்ட துறையை விட்டவர்களும் நம்மிடையே எத்தனையோ பேர். ஐடாவைப்போல் ஓர் இரவில் முடிவெடுத்து ஐந்தாறு ஆண்டுகளில் கற்றுத் திரும்பும் வாய்ப்பு அவர்களில் பலருக்குக் கிடைக்காது. ஆனால் நிறுவனம் நடத்துகிறவர்களும் ஆசிரியர்களும் ஐடாவிடம்தான் கற்க வேண்டும்: அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதை ஓய்வுக்காலத்துக்கு என்று ஒதுக்கிவைக்காதீர்கள். நீங்கள் கற்ற ஒரு வேலையை இந்த ஆண்டே இன்னொருவர் கையில் பழக்கிவிடுங்கள்.