தண்டுவட மரப்பு நோயில் பரவல் எம்.ஆர்.ஐ.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று மருத்துவர்கள் குறிக்கும் தண்டுவட மரப்பு நோயில், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை அரிக்கிறது. தண்டுவடத்தில், அதிலும் கழுத்துப் பகுதியில், புண் விழுந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க முடியாமல் போகும். பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1868-இல் இந்நோயை விரிவாக விவரித்தார். வழக்கமான எம்.ஆர்.ஐ. புண் இருக்குமிடத்தைக் காட்டும். ஆனால் அதன் அளவும் நோயாளியின் முடக்கமும் பல வேளை ஒத்துப்போவதில்லை.

பரவல் எம்.ஆர்.ஐ. அளப்பது நீர் மூலக்கூறுகளின் நகர்வை. இழையின் நீளவாக்கில் நீர் எளிதாக நகரும். குறுக்கே செல்ல உறையும் சவ்வும் தடுக்கும். இத்திசை வேறுபாட்டை எண்ணாக்கும் டென்சர் முறையை பாசர், மட்டியெல்லோ, லெ பிஹான் ஆகியோர் 1994-இல் வெளியிட்டனர். மயலின் சிதைந்தால் குறுக்கு நகர்வு கூடி, திசைச்சார்பு குறையும். வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் நலமாகத் தெரியும் பகுதியிலும் இம்மாற்றம் பதிவாகியுள்ளது. முறையின் பெருமதிப்பு அதுதான். எனினும் காரணம் வீக்கமா, இழை அழிவா, மயலின் இழப்பா என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் உருவாகி 2012-இல் வெளிவந்த நோடி முறை, இழைகளின் அடர்த்தியையும் சிதறலையும் தனித்தனியே மதிப்பிட முயல்கிறது.

மூளையைவிடத் தண்டுவடத்தில் பரவல் எம்.ஆர்.ஐ. எடுப்பது கடினம். தண்டுவடம் சுண்டுவிரல் பருமனே உள்ளது. சுற்றியுள்ள நீர் இதயத்துடிப்புடன் அலையும். மூச்சும் விழுங்கலும் படத்தைக் கலைக்கும். எலும்பு காந்தப்புலத்தைக் கோணலாக்கும். அதனால் இதுவரை இது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கருவியே. நோயறிதலுக்கான மெக்டொனால்டு விதிகள் 2017-இல் திருத்தப்பட்டபோதும் இதைக் கோரவில்லை.

விளாத்திகுளம் போன்ற சிற்றூரிலிருந்து தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ செல்லும் நோயாளிக்கு முதல் தேவை வேறு: தண்டுவடம் முழுவதற்கும் நல்ல வழக்கமான எம்.ஆர்.ஐ. புண் மூன்று முள்ளெலும்பு நீளமோ அதற்கு மேலோ இருந்தால் நியூரோமயலிட்டிஸ் ஆப்டிக்கா என்ற வேறொரு நோயை ஐயுற வேண்டும். மரப்பு நோய்ப் புண் பொதுவாகக் குட்டையானது. அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனை இவ்விரு நோய்களையும் பிரித்தறியப் பெரிதும் உதவும். இரண்டையும் குழப்பினால் ஆபத்து. மரப்பு நோய்க்கான இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் மற்ற நோயை மோசமாக்கக்கூடும்.