ஊருக்கே தெரிந்த ரகசியம்

1997, ஜூன் 13. சிகாகோ. என்.பி.ஏ. இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். ஸ்கோர் 86-86. அரை நிமிஷம்கூட மிச்சமில்லை. டைம் அவுட்!

கடைசிப் பந்து ஜோர்டனுக்குத்தான். ஊருக்கே தெரியும், எதிரணி யூட்டா ஜாஸுக்குத் தெரியாதா? சூட்சுமமே அங்கேதான். பெஞ்சில் உட்கார்ந்தபடி, ஒல்லி ஆசாமியான கார்டு ஸ்டீவ் கெர்ரிடம் ஜோர்டன் கிசுகிசுத்தார். ஸ்டாக்டன் உன்னை விட்டுட்டு என்கிட்ட வருவான், தயாரா இரு என்கிற மாதிரி.

அச்சு அசலாக அப்படியே வந்தார் ஸ்டாக்டன். இரண்டு பேர் மடக்க, ஜோர்டன் பந்தைத் தள்ளிவிட்டார். கெர்ரைச் சுற்றி ஆளே இல்லை. எறிந்தார். 88-86. பாக்கி ஐந்து விநாடி. அன்று 39 பாயின்ட் குவித்த மகாராஜா, கடைசியில் தூண்டில் புழு!

யூட்டா உள்ளே எறிந்த பந்தையும் பிப்பன் தட்டிப் பறிக்க, 90-86. சிகாகோ புல்ஸுக்கு ஐந்தாவது கோப்பை.