சுய மதிப்பெண் முறை (பிரிட்டன் மருத்துவச் சிறப்புப் பயிற்சி)

பிரிட்டனில் சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் மருத்துவர், தம் சாதனைகளுக்குத் தாமே மதிப்பெண் இட்டுக்கொள்ளும் முறை. உள்மருத்துவம், கதிரியக்கவியல் உள்ளிட்ட சில துறைகள் இதைப் பின்பற்றுகின்றன. விண்ணப்பம் 'ஓரியல்' இணையதளம் வழியே செல்கிறது.

மேற்பட்டங்கள், பரிசுகள், ஆய்வுக் கட்டுரைகள், மாநாட்டு உரைகள், கற்பித்தல், சிகிச்சைத் தர மேம்பாடு ஆகியவை வழக்கமான தலைப்புகள். ஒவ்வொரு தலைப்பிலும் தமக்குப் பொருந்தும் மிக உயர்ந்த படிநிலை ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுரையின் முதல் ஆசிரியருக்கு இணை ஆசிரியரைவிடக் கூடுதல் மதிப்பெண் உண்டு. குறை கண்டு, மாற்றம் செய்து, மீண்டும் அளந்து பார்த்த சிகிச்சைத் தணிக்கைக்கு, ஒருமுறை மட்டும் அளந்ததைவிட மதிப்பு அதிகம்.

கோரும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் சான்றிதழ், மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட கடிதம் போன்ற ஆதாரங்கள் தேவை. அவற்றில் நோயாளியின் அடையாளம் இடம்பெறக் கூடாது. சரிபார்ப்போர் மதிப்பெண்ணைத் திருத்தலாம். வேண்டுமென்றே மிகைப்படுத்துவது நேர்மைக் குறைவாகக் கருதப்பட்டு, பொது மருத்துவ மன்றம் வரை செல்லக்கூடும்.

பணமும் ஓய்வுநேரமும் உள்ளவர்களுக்கே புள்ளி சேர்ப்பது எளிது என்ற விமர்சனம் நியாயமானது. நோயாளியிடம் காட்டும் பரிவை இம்முறையால் அளக்க முடியாது.