பல்புக்காகப் பொறந்த சாணை

போன மாசம் அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. வந்த ரெண்டாம் நாளே, கத்தி மொக்கையா இருக்குன்னு புகார். எங்க தெருப்பக்கம் சாணை பிடிக்கிறவர் வந்து பல காலம் ஆச்சு. சரின்னு கடையில ஒரு சின்ன பிளாஸ்டிக் சமாச்சாரம் வாங்கிட்டு வந்தேன். நடுவுல ஒரு பிளவு, அதுக்குள்ள ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ரெண்டு சாம்பல் நிறத் துண்டு. கத்தியை வச்சு நாலே இழுப்பு. தக்காளித் தோல் அழுத்தாமலே அறுபடுது!

அந்தத் துண்டுங்க டங்ஸ்டன் கார்பைடு. மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டுறவனுக்குக் கொசுவத்தி சுத்த இது போதாதா? காலேஜ் லேத்துல டூல் நுனியில பத்த வச்சிருந்ததும் இதேதான். எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்போ வாத்தியாரும் சொல்லலை, நானும் கேட்கலை. தேடிப் பார்த்தா கதை பல்புல ஆரம்பிக்குது.

1910 வாக்குல பல்புக்குள்ள டங்ஸ்டன் கம்பி வந்தாச்சு. முடியை விட மெல்லிசான கம்பி. தடிமனான கம்பியை ஒண்ணை விட ஒண்ணு சின்னதான ஓட்டைகள் வழியா இழுத்து இழுத்துத்தான் இதைச் செய்யணும். ஓட்டை போட்ட அந்த அச்சு தேயக்கூடாது. அதனால வைரத்துல செஞ்சாங்க. முதல் உலகப் போர்ல தோத்துப்போன ஜெர்மனியில வைரத்துக்குக் காசு ஏது? பெர்லின்ல ஆஸ்ராம் பல்பு கம்பெனிக்காரங்க மாற்று தேட ஆரம்பிச்சாங்க.

டங்ஸ்டன் கார்பைடு புதுசு இல்ல. 1890கள்லயே பிரான்ஸ்ல ஹென்றி முவாஸான் மின் உலையில செஞ்சு பார்த்துட்டார். ஆனா உருக்கி வார்த்தா கண்ணாடி மாதிரி உடையும். கார்ல் ஷ்ரோட்டர் அதை உருக்கவே இல்ல. பொடியாக்கி, கொஞ்சம் கோபால்ட் பொடி கலந்து, அழுத்தி, சூடாக்கினார். கோபால்ட் உருகி கார்பைடு துகள்களைப் பிடிச்சுக்கிச்சு. நம்ம பொரி உருண்டைதாங்க! பொரி கார்பைடு, வெல்லப்பாகு கோபால்ட். 1923ல காப்புரிமைக்குப் போட்டாங்க.

கம்பி இழுக்க வந்த பொருள் இரும்பையும் சீவும்னு புரிஞ்சதும் க்ரூப் கம்பெனி உரிமையை வாங்குச்சு. 'வைரம் போல'ன்னு அர்த்தம் வர்ற ரெண்டு ஜெர்மன் சொல்லைச் சுருக்கி 'விடியா'ன்னு பேர் வச்சு, 1927 லைப்சிக் சந்தையில காட்டினாங்க. பட்டறைகள்ல விடியா விடியான்னு சொல்றாங்களே, அது இதுதான். நான் ரொம்ப நாளா ஏதோ தமிழ் வார்த்தைன்னு நினைச்சிட்டிருந்தேன் (சிரிக்காதீங்க) :-)

இனிமேதான் வில்லங்கம். 1928ல க்ரூப்பும் அமெரிக்காவோட ஜெனரல் எலக்ட்ரிக்கும் கைகோத்து, ஊரைப் பிரிச்சுக்கிட்டாங்க. அமெரிக்காவுல பவுண்டு 50 டாலர் சொச்சம் இருந்தது 453 டாலர் ஆச்சு. ஒரு பவுண்டுன்னா 453 கிராம், ஆக கிராம் ஒரு டாலர். அன்னைக்குத் தங்கமே கிராம் 66 சென்ட்தான். தங்கத்தை விட விலை கூடின ஒண்ணை எந்தப் பட்டறைக்காரன் வாங்குவான்? ஜெர்மனியில தாராளமாப் புழங்கின டூலை அமெரிக்கப் பட்டறைகள் எட்ட நின்னு பார்த்துச்சு. 1940ல வழக்கு போட்டாங்க, நடுவுல போர் வந்து இழுத்தடிச்சு, 1948லதான் குத்தம்னு தீர்ப்பு. அபராதம் அந்தக் கம்பெனிக்கு டீச்செலவு மாதிரி. எனக்கு இதுதான் ஆறலை. ஷ்ரோட்டர் விலை குறைக்கத்தான் கண்டுபிடிச்சார், ரெண்டு கம்பெனி சேர்ந்து அதைத் தங்கத்துக்கு மேல ஏத்திட்டாங்க.

இப்போ அதே பொருள் நம்ம அடுப்படியில சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ஆனா கத்திக்கு நல்லதான்னு கேட்டா, யோசிக்கணும். சாணைக்கல் தேய்க்கும், கார்பைடு சீவும். கத்தி எஃகை விட ரெண்டு மடங்கு கடினம், விடுமா? ஒவ்வொரு இழுப்புக்கும் விளிம்புலேர்ந்து ஒரு சுருள் போகும், மிச்ச விளிம்பு ரம்பம் மாதிரி பிசிறடிக்கும். சீக்கிரமே மழுங்கும், திரும்பவும் இழுப்போம். விலை உயர்ந்த கத்தியை அதுல வைக்காதீங்க.

கீழே விரிச்சிருந்த பேப்பர்ல இரும்புச் சுருள் பொடிப்பொடியாக் கிடந்தது. அம்மா பார்த்துட்டு, "ஏண்டா, இது கத்தியையே தின்னுடும் போலிருக்கே"ன்னாங்க. ஊர்லேர்ந்து கொண்டு வந்த பழைய இரும்புக் கத்தியை மட்டும் அதுக்கிட்ட காட்டவே விடலை. வாசல் கல்படியில தண்ணி தெளிச்சு, அவங்களே தேய்ச்சுக்கிட்டாங்க.