மாற்ற முகாமைத்துவம் (கணினிச் சேவைகள்)

இயங்கிக்கொண்டிருக்கும் கணினிச் சேவை ஒன்றில் யார் கைவைக்கலாம், எப்போது வைக்கலாம், பிழை நேர்ந்தால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்பவற்றை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் முறை மாற்ற முகாமைத்துவம்.

பிரித்தானிய அரசின் மத்திய கணினி, தொலைத்தொடர்பு முகவரகம் தொகுத்த ‘ஐட்டில்’ நூல்வரிசை இதற்கு உருவம் கொடுத்தது. முதல் நூல்கள் 1989இல் வெளிவந்தன. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து நியம மாற்றம், சாதாரண மாற்றம், அவசர மாற்றம் என்ற மூன்று பெயர்கள் நிலைபெற்றன.

இந்த வகைகளை விளங்கிக்கொள்ளப் பேராதனை நல்ல இடம். ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் பணியகம் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. 1990இல் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கிய லேர்ன், இன்று நாட்டின் அரச பல்கலைக்கழகங்களை இணைக்கிறது. புதுமுக மாணவருக்கு மின்னஞ்சல் கணக்குத் திறப்பது போன்ற வேலை நியம மாற்றம். பலமுறை செய்து பழகியது, ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கத் தேவையில்லை. முதுகெலும்பு வலையமைப்பின் ரவுட்டரை மாற்றுவது அப்படியல்ல. பேராதனையில் ஒரு கட்டளை தவறினால் யாழ்ப்பாணத்து விரிவுரையும் நின்றுபோகலாம். ஆகவே விண்ணப்பம், இடர் மதிப்பீடு, ஆலோசனைக் குழு, மீள்திட்டம் எல்லாம் வேண்டும். இதுவே சாதாரண மாற்றம். பெயர் பொருத்தமில்லை என்பது என் கருத்து; மூன்றிலும் அதிக உழைப்பைக் கேட்பது இதுதான்.

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது லேர்ன் சூம் வழியாக விரிவுரைகளை நடத்த வழிசெய்தது. தொலைபேசி நிறுவனங்கள் அதற்கான தரவுக் கட்டணத்தை விலக்கின. மாதக்கணக்கில் திட்டமிட வேண்டியது சில வாரங்களில் நடந்தேறியது. அவசர மாற்றத்தின் இயல்பு அது: அனுமதி சுருங்கும், பதிவு மட்டும் தவறக்கூடாது.

வகையைத் தவறாகக் கணிப்பதே பெரும் ஆபத்து. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் வழக்கமான இற்றைப்படுத்தலாக அனுப்பிய ஒரு கோப்பு, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது.

செய்யாமல் விட்ட மாற்றமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். இலங்கை அரச மேகக்கணிமையின் மின்னஞ்சல் எக்சேஞ்ச் 2013 என்ற பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பதிப்புக்கான மைக்ரோசாப்ட் ஆதரவு 2023 ஏப்ரல் 11இல் முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கப்பத் தீநிரல் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. பாதிக்கப்பட்ட முகவரிகள் சுமார் 5,000.