கேட்ஜெட் மேன்

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 2012 முதல் 2015 வரை நான்கு சீசன்களாக ஒளிபரப்பான நகைச்சுவைத் தொடர். புதிதாகக் கடைக்கு வரும் கருவிகளை நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் தாமே கையாண்டு பார்ப்பதுதான் இதன் உள்ளடக்கம். தயாரித்தது நார்த் ஒன் டெலிவிஷன்; 2004 முதல் சேனல் 5-இல் வந்த ‘தி கேட்ஜெட் ஷோ’வும் இதே நிறுவனத்துடையது. முதல் சீசனை ஸ்டீபன் ஃப்ரையும் அடுத்த மூன்றையும் ரிச்சர்ட் அயோவாடியும் நடத்தினார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியும் விளம்பரங்களோடு சேர்த்து அரைமணி நேரம். வேலைக்குப் போய்வருவது, சமையல், உடற்பயிற்சி என்று அன்றாட வாழ்வின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதைச் சுலபமாக்குவதாகச் சொல்லும் கருவிகளை வரிசையாகச் சோதிப்பார்கள்.

முன்வரலாறு

கருவியின் முன்னால் மனிதன் திணறுவதைக் காட்டிச் சிரிக்கவைப்பது தொலைக்காட்சி வீடுகளுக்கு வரும் முன்பே தொடங்கிவிட்டது. சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தில் ஓர் உணவூட்டும் இயந்திரம் வருகிறது. தொழிலாளிக்கு இயந்திரமே ஊட்டிவிட்டால் மதிய இடைவேளையை மிச்சப்படுத்தலாம் என்று முதலாளியிடம் அதை விற்க வருகிறார்கள். விற்பனைப் பேச்சைக்கூட ஓர் இசைத்தட்டுதான் பேசுகிறது. சோதனைக்கு உட்காரவைக்கப்படுபவர் சாப்ளின். சோளக்கதிரைச் சுழற்றும் பகுதி வெறிகொண்டு சுழன்று அவர் வாயைத் தேய்க்கிறது, சூப் மார்பில் கொட்டுகிறது. அத்தனை களேபரத்துக்கும் நடுவே வாய் துடைக்கும் பஞ்சு மட்டும் சாவதானமாக வந்து துடைத்துவிட்டுப் போகிறது. கடைசியில், நடைமுறைக்கு ஒத்துவராது என்று முதலாளி ஒதுக்கிவிடுகிறார். கேட்ஜெட் மேன் தொடரின் இலக்கணம் முழுவதும் இந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. வாக்குறுதி ஒரு பக்கம், அதைத் தாங்கவேண்டிய உடம்பு இன்னொரு பக்கம்.

பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தாத்தி ‘மோன் ஓங்க்ள்’ (1958) படத்தில் இதையே வீட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் நடித்த ஹ்யூலோ என்ற பாத்திரம் சகோதரியின் நவீன சமையலறையில் ஒரு குடுவையைத் தவறவிடுகிறது. அது உடையாமல் துள்ளுகிறது. வியந்துபோன ஹ்யூலோ ஒரு கண்ணாடித் தம்ளரையும் போட்டுப் பார்க்க, அது நொறுங்குகிறது. அந்த வீட்டுத் தோட்டத்தில் மீன் வடிவ நீரூற்று ஒன்று உண்டு. மதிப்புள்ள விருந்தாளி வந்தால்தான் அதைத் திறந்துவிடுவார்கள். அமெரிக்காவில் வெஜ்-ஓ-மேட்டிக் போன்ற காய் நறுக்கும் கருவிகளின் தொலைக்காட்சி விளம்பரங்களை ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சி 1976-இல் பகடி செய்தது. டான் அய்க்ராய்ட் ஒரு முழு மீனை அப்படியே மிக்ஸியில் போட்டு அரைத்துக் காட்டிய காட்சி அது.

சிரிப்பில்லாத சோதனைக்கும் பிரிட்டனில் வலுவான மரபு இருந்தது. நுகர்வோர் சங்கம் 1957-இல் தொடங்கிய ‘விச்?’ இதழ் முதல் இதழிலேயே மின் கெட்டில்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. ஒரே பொருளைப் பல நிறுவனங்களிலிருந்து வாங்கி ஒரே முறையில் ஒப்பிடுவது அதன் வழி. பிபிசியின் ‘டுமாரோஸ் வேர்ல்ட்’ 1965 முதல் 2003 வரை புதுக் கண்டுபிடிப்புகளை நேரலையில் இயக்கிக் காட்டியது. அங்கே கருவி மக்கர் செய்தால் அது விபத்து. கேட்ஜெட் மேனில் அதுவே நிகழ்ச்சியின் உயிர்.

ஃப்ரை

முதல் சீசனுக்கு ஸ்டீபன் ஃப்ரையைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. கேம்பிரிட்ஜின் ஃபுட்லைட்ஸ் நாடகக் குழுவில் வளர்ந்தவர், ‘பிளாக்ஆடர்’ தொடரிலும் ஹ்யூ லாரியுடன் சேர்ந்த ‘எ பிட் ஆஃப் ஃப்ரை அண்ட் லாரி’யிலும் பெயர் பெற்றவர். அதே அளவுக்குக் கருவிப் பித்தர் என்றும் அறியப்பட்டவர். ஐரோப்பாவில் முதல் மேக்கின்டாஷ் கணினியை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் வாங்கினார், இரண்டாவதை வாங்கியது தாம் என்று அவர் சொல்வதுண்டு. 2007 முதல் கார்டியன் நாளிதழில் கருவிகளைப் பற்றியே பத்தி எழுதினார். 2011-இல் சேனல் 4 ஒளிபரப்பிய தலைசிறந்த 100 கருவிகள் பட்டியல் நிகழ்ச்சியில் அவர் முதலிடம் தந்தது கணினிக்கோ கைப்பேசிக்கோ அல்ல, சிகரெட் லைட்டருக்கு. நெருப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கவைத்த கருவி என்று பார்த்தால் அது நியாயமான தேர்வு.

ஆனால் பித்தருக்கு ஒரு குறை உண்டு. எந்தக் கருவியைக் கொடுத்தாலும் அவர் மகிழ்ந்துவிடுவார். அதனால் ஃப்ரையின் சீசன் சோதனை என்பதைவிடக் கொண்டாட்டம் என்றே சொல்லத் தக்கது.

அயோவாடி

தொடர் தன் குரலைக் கண்டுகொண்டது 2013-இல் ரிச்சர்ட் அயோவாடி வந்த பிறகுதான். 1977-இல் லண்டனில் பிறந்தவர். தாய் நார்வே நாட்டவர், தந்தை நைஜீரியர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தார், ஃபுட்லைட்ஸ் குழுவின் தலைவராகவும் இருந்தார். ‘சப்மரீன்’ (2010) என்ற நல்ல படத்தை இயக்கியவர். மக்கள் அவரை அறிந்தது ‘தி ஐடி கிரவுட்’ தொடரின் மாரிஸ் மாஸ் பாத்திரத்தால். ஒரு பெரிய நிறுவனத்தின் நிலவறையில் கணினி பழுது பார்க்கும் அந்த ஊழியர், அறை தீப்பிடித்து எரியும்போது தீயணைப்புத் துறைக்கு மின்னஞ்சல் எழுத உட்காருவார், தீயணைப்பானே தீப்பிடித்துக்கொள்ளும். அந்த வேடத்துக்கு 2014-இல் பாஃப்டா விருது கிடைத்தது.

கேட்ஜெட் மேனில் அவர் கோட்டும் கண்ணாடியுமாக, விறைத்த உடம்போடு, தணிந்த குரலில், அளந்து எடுத்த சொற்களோடு பேசுவார். கருவி வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் முகத்தில் பெரிய சலனம் இராது. அந்த விறைப்பு எதையும் மறைக்கவில்லை என்பதுதான் முக்கியம். கடையில் செய்துகாட்டும் விற்பனையாளரின் கை ஒரே வேலையை ஆயிரம் முறை செய்து பழகியது. எந்த இடத்தில் அழுத்தவேண்டும், எந்தக் காய் சுலபமாக நறுக்குப்படும் என்று அதற்குத் தெரியும். வாங்கிக்கொண்டு போகிறவரின் கை அப்படிப் பழகியதில்லை. மூடியைத் தேடுகிறது, வாரைத் தலைகீழாக மாட்டுகிறது, கையேட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறது. இந்தச் சின்னத் திணறல்களை ஒன்றுவிடாமல் பார்வையாளருக்குத் தெரியவைப்பது நகைச்சுவை நடிகருக்குத் தொழிலே. ஆய்வுக்கூட அளவீட்டில் கெட்டில் எத்தனை நொடியில் கொதிக்கிறது என்பது வரும். அதைக் கழுவி வைப்பதற்குள் வரும் எரிச்சல் வராது. பரணில் போய்ச் சேரும் கருவிகளை அங்கே அனுப்புவது பெரும்பாலும் அந்த எரிச்சல்தான்.

வரம்புகள்

இத்தகைய நிகழ்ச்சியின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம்? ஒரு கருவி, ஒரு கை, ஒரு நாள் சோதனை. அதில் நீடித்த உழைப்போ மின்செலவோ பாதுகாப்போ தெரியவராது. பணத்தின் செல்வாக்கும் ஓர் ஐயம்: பணம் வாங்கிக்கொண்டு நிகழ்ச்சிக்குள் பொருளைக் காட்டும் வழக்கத்தை பிரிட்டன் 2011 பிப்ரவரி இறுதியில்தான் அனுமதித்தது. முதலில் அப்படித் திரையில் தோன்றியதும் ஒரு வீட்டுக் கருவியே: ஐடிவியின் காலை நிகழ்ச்சியான ‘திஸ் மார்னிங்’கில் வைக்கப்பட்ட நெஸ்லேயின் காபி இயந்திரம். அத்தகைய நிகழ்ச்சிகளில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தைத் திரையில் காட்டவேண்டும். செய்தி, குழந்தைகள் நிகழ்ச்சி, நுகர்வோர் ஆலோசனை ஆகியவற்றில் அந்த நாட்டு விதிகள் இதை அனுமதிக்கவில்லை.

இதற்கு மாறான வழியை ஆஸ்திரேலியாவில் பார்க்கலாம். ‘தி சேசர்’ நகைச்சுவைக் குழு 2013 முதல் 2018 வரை ‘தி செக்அவுட்’ என்ற நுகர்வோர் நிகழ்ச்சியை நடத்தியது. ஒளிபரப்பிய ஏபிசி, விளம்பரம் வாங்காத பொது நிறுவனம். அதனால் எந்த நிறுவனத்தின் பெயரையும் நேரடியாகச் சொல்ல அவர்களால் முடிந்தது. பொட்டலத்தின் மேல் அச்சான படத்தையும் உள்ளே இருந்த பண்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் பகுதி அதில் புகழ்பெற்றது. தகவலின் கனத்தில் ‘தி செக்அவுட்’ மேலானது. மனிதக் கை கருவியோடு படும் பாட்டைக் காட்டியதில் கேட்ஜெட் மேனே முந்தியது.

பின்தொடர்ச்சி

தொடர் 2015-இல் நின்றது. அதே ஆண்டு அதன் கிளையாக, அயோவாடி ஒரு விருந்தினரோடு 48 மணி நேரத்தில் ஓர் ஊரைச் சுற்றிப் பார்க்கும் ‘டிராவல் மேன்’ தொடங்கியது. முதல் ஊர் பார்சிலோனா, உடன் சென்றவர் நடிகை கேத்தி பர்க். 2019-இல் அயோவாடி விலகினார். 2021-இல் அதை நடத்த வந்தவர் ஜோ லைசெட். சேனல் 4-இலேயே 2019 முதல் நுகர்வோர் புகார்களை எடுத்துக்கொண்டு நிறுவனங்களோடு மோதும் நிகழ்ச்சியை நடத்திவந்த நகைச்சுவைக் கலைஞர் அவர்.