விலங்கெலும்புகளும் சமய மாற்றமும்: அஸ்தினாபுரச் சான்று

சமய மாற்றத்தை நூல்களின் வழியாக மட்டும் ஆராயுமிடத்து, விதிக்கப்பட்டதையே நடைமுறையாகக் கொள்ளும் பிழை நேர்கிறது. நூல் விதியைக் கூறும். எலும்பு உண்டதைக் காட்டும்.

உத்தரப்பிரதேசத்தின் மீரட் மாவட்டத்திலுள்ள அஸ்தினாபுரத்தில் பி.பி. லால் 1950-52இல் அகழாய்வு நிகழ்த்தினார். ஓவியந் தீட்டிய சாம்பல்நிற மட்கலங்களுக்குரிய அடுக்கில் மாடு, எருமை, ஆடு, பன்றி, குதிரை ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. அவற்றுள் கருகியனவும் வெட்டுத்தழும்பு உடையனவும் இறைச்சியுணவுக்குச் சான்றாகின்றன. ஆயின், அவ்விலங்குகள் வேள்வியில் பலியிடப்பட்டனவா, அடுக்களைக்கெனக் கொல்லப்பட்டனவா என்பதைத் தழும்பு மட்டும் உணர்த்தாது. எலும்பு கிடந்த இடம், உடன்கிடைத்த பொருள்கள், விலங்கின் அகவை, உறுப்புகளின் விகிதம் ஆகியவற்றை ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசோகரின் முதற் பாறைக் கல்வெட்டு உயிர்ப்பலியைத் தடுக்கிறது. எனினும், அரச மடைப்பள்ளியில் நாள்தோறும் இரு மயில்களும் ஒரு மானும் கொல்லப்படுவதையும், மான் எப்போதும் கொல்லப்படுவதில்லை என்பதையும், இனி இவையும் கொல்லப்படமாட்டா என்பதையும் அதுவே குறிக்கிறது. ஆணையிட்டவர் மடைப்பள்ளியிலேயே கொல்லாமை படிப்படியாகவே நுழைந்தது.

ஆகவே, விதி மாறிய காலமும் உணவு மாறிய காலமும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. முன்னதற்கு நூலும் கல்வெட்டும், பின்னதற்கு அடுக்குதோறும் எண்ணப்பட்ட எலும்புகளும் சான்றாதல் வேண்டும்.